வெளியே போகாத கார்டு

மதிவதனிக்குச் சோறு இறங்கவில்லை. வலது தோள்பட்டை கழன்று விழுவதுபோல வலித்தது. உருட்டிய கவளத்தை வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. பதினோரு வருடம் சிங்காநல்லூர் மில்லில், ஓடும் கதிரிலிருந்து நூல் சுற்றிய கட்டைகளை உருவிப் போட்ட தோள். போன மாதம்தான், அவள் கேட்காமலேயே, மாடி ஆபீசில் நாற்காலி கொடுத்தார்கள்.

வேலை லேசானது. ஒவ்வொரு ஆளின் கார்டுக்குள்ளும் ஒரு சில்லு இருக்கிறது. கேட்டில் வைத்தால் இன்ன நம்பர், இன்ன நேரம், உள்ளே அல்லது வெளியே என்று அதில் ஒரு வரி ஏறும். ஏதாவது கோளாறு என்றால் மதிவதனி அதைக் கம்ப்யூட்டரோடு சேர்ந்த பெட்டியில் செருகிக் கட்டளை அடிக்க வேண்டும். கார்டு மெஷின் கம்பெனி ஆள் தீபக் சொன்னதை டைரி அட்டையில் எழுதி வைத்திருந்தாள். B2 அடித்தால் படிக்கும். E2 அடித்தால் ஒரு வரி சேர்க்கும். கடைசியாக எழுதியது எப்போதும் முதல் வரியாக வந்து நிற்கும். 90 00 என்று பதில் வந்தால் வேலை முடிந்தது.

"கார்டு தானா வாயத் தொறக்காதுங்க்கா," என்று தீபக் சிரித்திருந்தான். "நாம கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் சொல்லும். எங்கூட்டுக்காரிக்கு அந்தக் குணம் இல்லீங்களே."

ஒன்றே முக்காலுக்கு மேனேஜர் செங்கோட்டையன் படியேறி வந்தார். கையில் பாவாத்தாளின் கார்டு.

பாவாத்தாள் மதிவதனியோடு ஒரே வரிசையில் வேலை பார்த்தவள். ஐந்து வாரத்துக்கு முன் ஒருநாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்து செத்துப்போனாள். காலை ஷிப்டு முடிந்து இரண்டு மணிக்கே போய்விட்டாள், ரோட்டில்தான் விழுந்தாள் என்பது மில்லின் பேச்சு. நாளைக்கு லேபர் ஆபீசர் வந்து கார்டைப் படிக்கப்போகிறார். அதில் காலை 5:52க்கு 'உள்ளே' இருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

"ஏனுங்க அம்மணி, சாப்பாடு ஆச்சுங்களா? ஒரே ஒரு வரிங்க. அன்னைக்குத் தேதியில, ரெண்டு அஞ்சுக்கு வெளியேன்னு போட்டுடுங்க."

"கீழ நஞ்சப்பண்ணன் உக்காந்திருக்கறாருங்க சார்."

பாவாத்தாளின் புருஷன். நஷ்டஈடு கேட்டு வாரம் தவறாமல் வந்துபோகிறவர்.

"உக்காரட்டுங்க. கேட்டுக்கு வெளியதான உக்காந்திருக்கறாரு? நீங்க உக்காந்திருக்கற சேரு சும்மா வந்துதுங்களா?"

குரல் கொஞ்சமும் உயரவில்லை. கார்டை டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்று போன் பேச ஆரம்பித்தார்.

மதிவதனி கையைக் கழுவிவிட்டு வந்து E2 அடித்தாள். பாவாத்தாளின் நம்பர் 2214, 14:05, வெளியே. 90 00 வந்தது. B2 அடித்துப் படித்தாள்.

2214, 14:05, உள்ளே.

வலியில் மாற்றி அடித்துவிட்டோம் போலிருக்கிறது என்று, இரண்டாம் தடவை ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டே அடித்தாள். 90 00. படித்தாள். உள்ளே. கார்டை வெளியே எடுத்து முந்தானையில் துடைத்தாள். சில்லு சுட்டது, காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றிபோல. மறுபடி செருகி அடித்தாள். 90 00.

2187, 14:05, உள்ளே. தேதி இன்றைய தேதி.

2187 அவளுடைய நம்பர். அதை அவள் அடிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி ஐந்து நிமிடம்.

மேசைபோன் அடித்தது. கேட்டிலிருந்து வாட்ச்மேன் லட்சுமணசாமி.

"அம்மணி, மேலதான இருக்கறீங்க?"

"ஆமாங்க. ஏனுங்?"

"இங்க மெஷின்ல உங்க பேரு காட்டுதுங்க. ரெண்டாவது ஷிப்டு, உள்ளேன்னு. ஆளு அம்புட்டும் போயாச்சு, கேட்டுல ஒருத்தரும் இல்லீங்க. கார்டு வெச்ச சத்தம் மட்டும் கேட்டுது."

அவளுடைய கார்டு அவள் கழுத்தில்தான் தொங்கியது. போனை வைத்தாள்.

"ஆச்சுங்களா?" என்றார் செங்கோட்டையன், திரும்பாமலே.

"எழுத மாட்டேங்குதுங்க."

"கார்டா, நீங்களா?"

"ரெண்டு பேருந்தானுங்க."

கார்டை உருவி எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலிருந்து அம்மணி, அம்மணி என்று அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை பேர் சொல்லி அதட்டினார். அவள் நிற்கவில்லை.

நஞ்சப்பன் கேட்டுக்கு வெளியே வண்டி ஸ்டாண்டு நிழலில், காகிதப் பையை மடியில் வைத்துக்கொண்டு குத்தவைத்திருந்தார். அவர் கையில் கார்டை வைத்தாள்.

"நாளைக்கு ஆபீசர்கிட்ட இத நீங்களே குடுங்கண்ணா. அக்கா அன்னைக்கு வெளிய போவலீங்க. ரெண்டாவது ஷிப்டு என்னுதுங்க. புள்ளைக்குக் காச்சல்னு அழுதேன். நீ ஊட்டுக்குப் போ கண்ணு, நான் நின்னுக்கறேன், நாளைக்கு எனக்கு நீ நில்லுன்னாங்க. ஆபீசர் கேட்டா நான் சொல்றனுங்க."

நஞ்சப்பன் கார்டைக் காகிதப் பைக்குள் வைத்து மடித்தார்.

"நின்னியா அம்மணி?"

"இல்லீங்கண்ணா. அந்த ஒரு ஷிப்டு அக்காவுக்கு நான் இன்னும் பாக்கிங்க."