சபாரத்தினம் கேட்டு வாங்கிய சட்டம்

1987ஆம் ஆண்டு மே மாதம் ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை, ஊரிலிருந்து ஆங்கிலேய நாட்டுக்கு வந்து பிளேஸ்டோவில் வசித்த சபாரத்தினம் தமது நாற்பத்தெட்டாம் வயதில் மாரடைப்பால் இறந்தார். அவருக்கு மனைவி தவமலரும், பதினாறு வயதான ஒரே மகன் பாலேந்திராவும் இருந்தனர். தகனம் வியாழக்கிழமை நடைபெறவிருந்தது. கொள்ளி வைக்கும் மகன் அதற்கு முன் தலையை மழித்துக்கொள்ள வேண்டும். மகனோ மழித்துக்கொள்ள மறுத்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை அவன் இதைச் சொன்னபோது முன்னறையில் தாயையும் மகனையும் தவிர, இறந்தவரின் தமையனார் ஸ்ரீஸ்கந்தராஜா மட்டுமே இருந்தார். வால்தம்ஸ்டோவிலிருந்து வந்திருந்த அவரே கிரியைகளுக்கான ஏற்பாடுகள் அனைத்தையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

“தலைமயிர் பெரிசோ, தேப்பன் பெரிசோ?” என்று அவர் கேட்டார்.

“மீசையை மட்டும் வழிக்கிறன், பெரியப்பா.”

“உன்ர மீசைக்குச் சவர அலகு தேவையில்லை. ஈரத்துணி காணும்.”

“ஆர் ராசா உன்னைப் பாத்துச் சிரிக்கப்போகினம்?” என்றார் தவமலர். “சிரிச்சால் ரெண்டு நாள் சிரிப்பாங்கள்.”

“சிரிப்புக்குப் பயமில்லை, அம்மா.”

“வேற என்ன?”



“சரி, இவனுக்கு ஏலாதெண்டால் என்ர மூத்தவன் ஆனந்தராஜா வைக்கட்டும்” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

தவமலர் எழுந்து நின்றார். “நான் பெத்த பிள்ளை உயிரோட இருக்க, இன்னொருத்தன்ர கையால அவருக்குக் கொள்ளியோ? அப்பிடியெண்டால் நான் சுடலைக்கே வரமாட்டன், அத்தான்.”

அதன் பின்னரே பாலேந்திரா, தந்தையும் தானும் மட்டும் அறிந்திருந்த செய்தியைச் சொன்னான்.

முந்திய ஆண்டு ஒக்டோபரில், மொட்டையடித்த வெள்ளைக்கார மாணவர் சிலர் பாடசாலை வாயிலருகே அவனை மறித்து அடித்தனர். கெவின் என்பவன் அவனது மூக்கெலும்பை உடைத்தான். அக்காலத்தில் மொட்டைத்தலை, குடியேறியோரைத் தாக்கும் வெள்ளைக்கார இளைஞரின் அடையாளமாக இருந்தது. மறுநாள் சபாரத்தினம் இரவு ஷிப்ட் முடிந்ததும் உறங்காமல் பாடசாலைக்குச் சென்று, துணை அதிபர் பென்னெற்றின் முன் அமர்ந்தார். மகன் மொழிபெயர்த்தான். மொட்டையடித்து வரும் எவனையும் வாயிலுக்குள் விடக்கூடாது என்று அவர் கேட்டார். பேன் பிடித்தது, பிசின் ஒட்டியது என்று கெவின் சாக்குச் சொல்லித் திரும்பி வருவான் என்று அஞ்சியதால், காரணம் எதுவாயினும் விடக்கூடாது என்றும் வற்புறுத்தினார். வேறு பெற்றோரும் அவரை ஆதரித்தனர். தை மாதத்திலிருந்து அது சட்டமாயிற்று: அரை அங்குலத்துக்குக் குறைந்த முடியுடன் எவரும் உள்ளே வரலாகாது.

“ஜூனில ஓ லெவல் சோதினை” என்று பாலேந்திரா முடித்தான். “மொட்டையோட போனால் கேற்றிலேயே திருப்பி அனுப்புவினம்.”

ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி எங்கட மொட்டையை யோசிக்கவேயில்லையே.”

தவமலர் மூக்கைப் பற்றி மட்டுமே கேட்டார். “பந்து பட்டதெண்டல்லோ ரெண்டு பேரும் சொன்னனீங்கள்?”

மகன் தலைகுனிந்தான்.

புதன்கிழமை காலை பெரியப்பா கழுத்தில் கறுப்பு ரை கட்டி, அவனைப் பாடசாலைக்கு அழைத்துச் சென்றார். பென்னெற் எழுந்து நின்று இரங்கல் தெரிவித்தார். சொன்னவற்றை இடைமறிக்காமல் கேட்டார்.

“மதக் காரணத்தை முன்னிட்டு இவனுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறேன்” என்றார். “வெள்ளிக்கிழமையே வகுப்புக்கு வரலாம்.”

ஸ்ரீஸ்கந்தராஜா நன்றி கூறி எழுந்தார். பாலேந்திரா எழவில்லை.

“கெவினும் மொட்டையோடு வந்தால், சேர்?”

“அது வேறு, இது வேறு.”

“அவனுடைய தந்தை வந்து கேட்டால் அதையே சொல்வீர்களா?”

பென்னெற் பேனாவை மேசையில் வைத்தார். “சொல்வேன். அவர் ஏற்றுக்கொள்வார் என்று உறுதி கூற முடியாது.”

“அப்படியானால் எனக்கு விலக்கு வேண்டாம், சேர்.”

பஸ்ஸின் மேல்தட்டில் வேறு எவருமில்லை. இருந்தும் ஸ்ரீஸ்கந்தராஜா தாழ்ந்த குரலிலேயே ஏசினார்.

“உனக்கு விசரே? அந்த மனுசன் கதவைத் திறந்துவிட, நீ போய்ச் சாத்துறாய்.”

“எனக்குத் திறந்தால் அவங்களுக்கும் திறக்கும். இந்த வருசம் கீழ் வகுப்புகளுக்குப் புதுசாத் தமிழ்ப் பிள்ளையள் வந்திருக்கினம், பெரியப்பா. அதுகளுக்கு இங்கிலீசில கத்தவும் தெரியாது.”

“ஊரார் பிள்ளையளுக்கு நீ காவலோ?”

“நானில்லை. அப்பா கேட்டது எனக்கு மட்டுமில்லை. நான்தானே மொழிபெயர்த்தனான்.”

பெரியப்பா சன்னலின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் தவமலர் அனைத்தையும் கேட்டார். பிறகு கணக்கெடுப்பவர் போலக் கேள்விகளைத் தொடுத்தார்.

“முடி வளர எவ்வளவு செல்லும்?”

“ஒரு மாசம்.”

“அதுக்குள்ள எது போகும்?”

“ஜூன் முதல் கிழமை இங்கிலீசும் கணக்கும். நவம்பரில எழுதலாம். ஆனால் அது ரெண்டும் இல்லாமல் செப்ரெம்பரில மேல் வகுப்புக்கு எடுக்காயினம்.”

“ஒரு வருசம் பிந்தும்.”

“ஓம்.”

“உன்ர மூக்கை உடைச்சவன் இப்ப சோதினை எழுதுவானோ?”

“எழுதுவான், அம்மா. அவனுக்கு முடி வளந்திட்டுது.”

ஸ்ரீஸ்கந்தராஜா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது தவமலர் கையை உயர்த்தி நிறுத்தினார். அத்தானின் முன் அவர் அவ்வாறு செய்தது அதுவே முதற்றடவை.

“அவன் சொல்லுறபடி செய்வம், அத்தான். கொள்ளியும் சட்டமும் ரெண்டும் அவருக்குச் செய்யவேண்டியதுதான். ஒண்டை விட்டு மற்றதைச் செய்ய ஏலாது.”

இறுதியில் முடிவானது இது. பாலேந்திரா வியாழக்கிழமை காலை தலையை மழித்துத் தன் தந்தைக்குக் கொள்ளி வைப்பான். பாடசாலை தர முன்வந்த விலக்கை ஏற்காமல், முடி அரை அங்குலம் வளரும்வரை வீட்டிலிருந்து படிப்பான். தவறும் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் நவம்பரில் எழுதி, அடுத்த ஆண்டு மேல் வகுப்பில் சேருவான். தமக்கு இதில் விருப்பமில்லை என்பதை வெளிப்படையாகக் கூறிய பின்னரே ஸ்ரீஸ்கந்தராஜா உடன்பட்டார். பென்னெற்றுக்கு அறிவிக்கும் பொறுப்பையும் அவரே ஏற்றார். சட்டம் மாற்றமின்றி நீடித்தது.