பதினெட்டாம் நிமிடம்

சுங்குவார்சத்திரத்தை எட்ட ஒரு கிலோமீட்டர் இருக்கையில் கார் நின்றது. சசிரேகா அதை உருண்ட வேகத்திலேயே சாலையோர மண்ணுக்கு இறக்கிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிள்ளைப்பாக்கத்து வீட்டை விட்டுப் புறப்பட்டுப் பதினெட்டு நிமிடம். சென்ற ஞாயிறு பதினேழு. அதற்கு முந்தின ஞாயிறு பத்தொன்பது. இவ்வளவு ஒழுங்காகப் பிழைபடும் ஒன்றைத் தன் இருபதாண்டுப் பணியில் அவள் கண்டதில்லை.

சாலையோரத் தேநீர்க்கடையின் பாய்லருக்குப் பின்னாலிருந்தே சந்திரம்மாள் குரல் கொடுத்தாள்.

"வா சசி. இன்னா இன்னிக்கு லேட்டு? ஏழு இருவதுக்கெல்லாம் வந்து நின்னுடுவியே."

"டயருக்குக் காத்து அடிச்சிகினு இருந்தேன்."

"அதான பார்த்தேன். வடை வேகுது. எப்டியும் கால்மணி நேரம் கீது இல்ல, குந்து."

அந்தக் கால்மணி நேரமும் தவறாதது. தேநீர் குடித்து, வடையைப் பிட்டுத் தின்று, கையைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாதது போல் எஞ்சின் எழுந்து பாடும். நின்றதைவிட அந்தப் பாட்டுத்தான் அவளை வருத்தியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார் அது. இருவர் மட்டும் அமரலாம். மேலே மடித்து வைக்கும் துணிக்கூரை. பாசிப்பயற்றின் பச்சை நிறம். தரையோடு தரையாகத் தாழ்ந்த உடல். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று பக்கத்தில் வந்தால் அதன் சக்கரம் ஓட்டுபவளின் தலைக்கு மேலே சுழலும். மூடப்பட்ட ஒரு கோழிப்பண்ணையில் தீவன மூட்டைகளுக்கடியில் கிடந்ததைச் சசிரேகா ஏழாண்டுகளுக்கு முன் வாங்கி, வீட்டுக்குப் பின்னே இருந்த தகரக் கொட்டகையில் வைத்துத் தன் கையாலேயே உயிர்ப்பித்தாள். மரையாணிகள் எல்லாம் அங்குல அளவு. தொழிற்சாலை ஸ்பானர் ஒன்றுகூடப் பொருந்தாது. அதற்கென்று தனிப்பெட்டி வைத்திருந்தாள்.

இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஒரு கார்த் தொழிற்சாலையின் இறுதிச் சோதனைப் பிரிவில் அவள் பணி. நிமிடத்துக்கு ஒரு கார் அவள் முன்னே வந்து நிற்கும். அவள் ஒப்பமிடாமல் ஒன்றும் வாயிலைத் தாண்டாது. அப்படிப்பட்டவள் வீட்டுக் கார் ஐந்து வாரமாக, ஞாயிறுதோறும் அவள் ஓட்டிச் செல்லும் உலாவில், நடுவழியில் நின்றது.

*

கொட்டகைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தொழிற்சாலையில் பிழை நேர்ந்தால் முதலில் கேட்கும் கேள்வியையே அவள் அதில் எழுதியிருந்தாள்: என்ன மாறியது? அதன் கீழே நான்கு கட்டங்கள். மனிதர், இயந்திரம், பொருள், முறை. இயந்திரம் என்ற கட்டத்தில் தை மாத நடுவில் பானெட்டுக்கு அடித்த புது வண்ணம் முதல் மாற்றிய பேட்டரி வரை எல்லாம் இருந்தன. பொருளில் பெட்ரோல் வாங்கிய பங்க். முறையில் ஒன்றுமில்லை. காரைத் தொடுபவள் அவள் ஒருத்தியே ஆதலால் மனிதர் என்ற கட்டத்தில் 'மாற்றமில்லை' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தாள்.

எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் காயிலை மாற்றிப் பார்த்தாயிற்று. இரட்டைக் கார்புரேட்டரையும் பிரித்துக் கழுவியாயிற்று. ஐயம் இப்போது பெட்ரோல் பம்பின் மேல் நின்றது. மின்சாரத்தில் இயங்கும் சிறிய பம்பு அது. சாவியைத் திருப்பியதும் 'டக், டக்' என்று துடிக்கும். கார் நிற்கும்போதெல்லாம் அந்தத் துடிப்பும் நின்றிருந்தது. ஆனால் அதைக் கழற்றி மேசைமேல் வைத்து, ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி ஓடவிட்டால் ஒரு மணி நேரமானாலும் சளைக்காமல் ஓடியது.

"யக்கா, இது நம்ம சூப்பர்வைசர் மாதிரில்லா இருக்கு," என்றாள் இசக்கிசெல்வி. மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் தென்காசிப் பக்கத்துப் பெண். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிப்ட் முடித்து, பல் துலக்கியபடி கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். "ஆடிட் வந்தா ஓடியாடி வேல பாக்காரு. அந்தப் பக்கம் அவங்க போனதும் ஒறங்கிருதாரு."

"நீ போய்த் தூங்கு. நைட்டெல்லாம் கண்ணு முழிச்சிகினு இங்க வந்து ஜோக்கு."

"நீங்க சுத்தியல வச்சுத் தட்டாம இருந்தா ஒறங்குவேன்."

சசிரேகாவின் கணவன் எல்லப்பன் அப்போது கையில் சந்தனம் குழைத்த வெண்கலக் கிண்ணத்துடன் வந்தான். தொழிற்பேட்டைக்குப் போக மிஞ்சிய அரை ஏக்கரில் கீரை பயிரிட்டு விடுதிச் சமையற்கூடங்களுக்குக் கொடுப்பவன். ஊர்ப் பஜனைக் கோயிலில் பாசுரம் தொடங்கிவைப்பவன். ஓதும்போது ஒரு சொல் பிறழ்ந்தாலும் நிறுத்தி, பாட்டின் முதலடிக்குத் திரும்பிவிடுவான். அதனால் மார்கழிப் பொங்கல் ஆறிப்போன நாள்கள் உண்டு. இயந்திரங்களைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மனைவி நேசிப்பதை அவனும் நேசித்தான். வெள்ளிதோறும் காருக்குச் சந்தனமும் குங்குமமும் சாத்திக் கற்பூரம் காட்டுவான். கார் நிற்கத் தொடங்கிய பின், ஒவ்வொரு வெள்ளிக்கும் சந்தனம் கூடுதலாகவே அரைபட்டது.

அந்த வெள்ளி அவன் கற்பூரம் அணையும்வரை காத்திருந்து சொன்னான்: "அந்த மெட்ராஸ்காரர் போன் பண்ணாரு சசி. நீ எடுக்கலன்னு எனக்குப் பண்ணாரு."

பழைய கார்களைச் சேர்த்து வைப்பவர் சண்முகசுந்தரம். இரண்டாண்டுகளாகப் பச்சைக் காரைக் கேட்டுக்கொண்டிருந்தார். சசிரேகா கையைத் துடைத்துவிட்டு அவரை அழைத்தாள். எல்லப்பன் கேட்டுக்கொண்டு நின்றான்.

"சார், இந்த ஞாயித்துக்கெழம காஞ்சிபுரம் போய்ட்டு வரேன். வழியில எங்கியும் நிக்காம வந்துச்சுன்னா வண்டி என்னுது. நின்னுச்சுன்னா திங்கக்கெழம ஆளனுப்பி எடுத்துக்குங்க."

மறுமுனையில் அவர் என்ன சொன்னாரோ, "ஆமாம் சார், சொன்னா சொன்னதுதான்," என்று முடித்தாள்.

"இன்னாத்துக்கு அப்டி வாக்கு குடுத்த?" என்றான் எல்லப்பன்.

"காரணம் தெரியாத வண்டிய வெச்சிகினு நான் எப்டி மாமா காலையில போய் அடுத்தவன் வண்டிக்குக் கையெழுத்து போடுவேன்?"

அன்று மாலை முழுவதும் அவள் அந்தக் காரின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

*

ஞாயிறு காலை எல்லப்பன் தானும் வருவதாகச் சொல்லி, நெற்றியில் திருமண் துலங்க ஏறி அமர்ந்தான். முழங்கால்கள் முகவாயை எட்டின. கீரைப் பாத்திகளைக் கடந்து, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறி, மாசி மாதத்துக் குளிர்காற்று முகத்தில் அறைய, கார் தன் தாழ்ந்த குரலில் முழங்கிச் சென்றது. எல்லப்பன் வாய்க்குள் பாசுரம் முணுமுணுத்தான். சசிரேகா நிமிடங்களை எண்ணினாள். பதினைந்து. பதினாறு. பதினேழு.

சந்திரம்மாள் கடையைக் கடந்துவிட்டார்கள். அவள் கரண்டியை உயர்த்தி வாழ்த்தியதைக் கண்ணாடியில் கண்டு சசிரேகாவின் மூச்சு இலகுவான அந்தக் கணத்தில், எஞ்சின் இருமுறை விக்கி அடங்கியது.

கார் சாலையோரத்தில் ஒதுங்கி நின்றது. எதிரே ஒரு தொழிற்சாலைப் பேருந்து சென்றது. ஜன்னல்களில் சாய்ந்து உறங்கும் தலைகள். சசிரேகா இறங்கிப் பானெட்டைத் திறக்கவில்லை. கைகளை மடியில் வைத்திருந்தாள்.

"பெட்ரோல் கீதா?" என்றான் எல்லப்பன்.

"மாமா."

"இல்ல, கேட்டேன்."

"இருவது வருசமா வண்டி டெஸ்ட் பண்றவ. பெட்ரோல் இல்லாமலா கெளம்புவேன்? பாதி டேங்க்கு கீது. வேணும்னா வந்து பாரு."

கோபம் அவளை எழுப்பியது. சாலையோர வேம்பில் ஒரு நீண்ட குச்சியை ஒடித்துக்கொண்டு பின்புறம் சென்றாள். டேங்க்கில் விட்டு நனைந்த அளவைக் காட்டி அவன் வாயை அடைக்க எண்ணி, வெள்ளிபோல் மின்னும் டேங்க் மூடியைத் திருகினாள்.

மூடி இறுகியிருந்தது. பலங்கொண்டு திருப்பியதும், நெடுநேரம் நீருக்குள் மூழ்கியிருந்தவன் தலை தூக்கி இழுக்கும் மூச்சைப் போல், டேங்க் 'உஸ்' என்று காற்றை உள்ளிழுத்தது. சாவி திருப்பிய நிலையிலேயே இருந்தது. அவள் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே பம்பு தானாகத் துடிக்கத் தொடங்கியது. டக், டக், டக்.

சசிரேகா மூடியைக் கையில் ஏந்திப் பார்த்தாள். பெட்ரோல் குறையக் குறைய அந்த வெற்றிடத்துக்குக் காற்று செல்லவேண்டும்; செல்லாவிட்டால் பம்பால் பெட்ரோலை இழுக்க முடியாது. அதற்கென ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை அந்த மூடியின் நடுவில் உண்டு. இப்போது துளை இல்லை. அந்த இடத்தில், வெள்ளிக்கு வெள்ளி படிந்து காய்ந்து கல்லாகிய சந்தனம், நடுவில் குங்குமத்தோடு திகழ்ந்தது. கால்மணி நேரம் நின்றால் மட்டும் இடுக்கு வழியே காற்று மெல்லக் கசிந்து உள்ளே சேர்ந்திருக்க வேண்டும். ஐந்து வாரமாக அதைப் பார்த்திருக்கிறாள். வழிபாட்டின் அடையாளமாகவே பார்த்ததால் அதை ஒரு பொருளாகப் பார்க்கவில்லை.

எல்லப்பன் பின்னால் வந்து நின்றான். அவள் முகத்தையும் மூடியையும் மாறிமாறிப் பார்த்தான். அவள் விரல் துளை இருந்த இடத்தைத் தடவியதைக் கண்டதும் அவனுக்கும் புரிந்தது.

"அது நான் வெச்சது," என்றான் மெல்ல.

"தெரியுது."

"முன்னெல்லாம் பானெட்டு மேலதான் வெச்சிகினு இருந்தேன்."

"ம்."

"பெயின்ட் புதுசு, கறை புடிச்சிக்கும், அங்க வெக்காதன்னு நீதான் சொன்ன. இது பளபளன்னு நல்லா இருந்துச்சி. வண்டி நிக்குதேன்னு சேத்து சேத்து வேற அப்பினேன்." அவன் மூடியைத் தொட்டுப் பார்த்தான். "நிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கினே நானே நிறுத்தியிருக்கேன் சசி."

சசிரேகா அவனைப் பார்த்தாள். கொட்டகைச் சுவரில் 'மனிதர்' என்ற கட்டத்தில் தான் இட்ட அடிக்கோடு நினைவுக்கு வந்தது. முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. மூடியை மார்போடு பிடித்துக்கொண்டு, நெடுஞ்சாலையோரத்தில், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எல்லப்பனும் காரின் மேல் சாய்ந்து சிரித்தான்.

"கார்புரேட்டர ரெண்டு தடவ பிரிச்சேன் மாமா."

"ஒவ்வொரு தடவையும் நான் தேங்கா ஒடச்சேன்."

வளையலில் மாட்டியிருந்த சேஃப்டி பின்னை எடுத்து அவள் துளையைக் குத்தித் திறந்தாள். மூடியை வாயருகே கொண்டுபோய் ஊதினாள். காற்று மறுபக்கம் வந்தது. மூடியைத் திருகிவிட்டுச் சாவியைத் தொட்டதும் எஞ்சின் எழுந்தது.

"காஞ்சிபுரந்தான?" என்றான் எல்லப்பன், முழங்கால்களை மீண்டும் மடக்கிக்கொண்டு.

சசிரேகா அடுத்த திருப்பத்தில் காரை வளைத்து, வந்த வழியே திருப்பினாள்.

"எங்க போற?"

"வூட்டுக்கு. மொதல்லேருந்து கெளம்பணும். இது நின்னுபோன ட்ரிப்பு. கணக்குல வராது."

"காரணந்தான் தெரிஞ்சிபோச்சே. அந்த மனுசன் வந்து எண்ணிகினா இருக்கான்?"

"பாசுரத்துல ஒரு வார்த்த தப்புனா நீ இன்னா பண்ணுவ?"

எல்லப்பன் தூரத்தில் தெரிந்த தேநீர்க்கடையை எட்டிப் பார்த்தான். சிறிது தூரம் சென்றபின், "பசிக்குது," என்று மட்டும் சொன்னான். எதிர்த்திசையில் விரையும் காரைக் கண்டு சந்திரம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

*

இரண்டாம் முறை வீட்டு வாசலில் இருந்து புறப்படும்போது மணி எட்டரை. சந்தனத்தை இனி எங்கே வைப்பது என்று எல்லப்பன் கேட்டதற்கு, ஸ்டியரிங்கின் நடுவைக் காட்டினாள். அங்கே காற்று போகும் வழி ஏதுமில்லை என்று இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டே ஒரு சிறு பொட்டு வைத்தான்.

பதினெட்டாம் நிமிடம் வந்தது, சென்றது. இருபதாம் நிமிடத்தில் எல்லப்பன் முணுமுணுப்பை விட்டுக் குரலெடுத்தே பாடத் தொடங்கினான். ராஜகுளத்தைக் கடந்தார்கள். காஞ்சியின் வீதிக்குள் நுழைந்து வரதராசர் கோயிலின் கோபுரத்தைக் கண்டதும் அவன் இருக்கையிலேயே கைகூப்பினான்.

"எறங்கு. நீ போய்ச் சேவிச்சிட்டு வா," என்றாள்.

"நீ வரல?"

"எஞ்சின நிறுத்தக் கூடாது மாமா. கால்மணி நேரம் நின்னா தானா சரியாவுற வியாதி இது. நிறுத்திட்டு கெளப்புனா அது டெஸ்ட்டே இல்ல."

அவன் சன்னதி வீதியில் வேட்டியை மடித்துக்கட்டி விரைந்தான். நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் எஞ்சின் சூடேறும் என்பதால் சசிரேகா காரை நகர்த்தினாள். மாடவீதிகள் நான்கையும் சுற்றினாள். பூக்கூடைகளுக்கும் பட்டுக்கடைத் தரகர்களுக்கும் இடையே, மதிலை வலக்கையில் வைத்து, மெல்ல மெல்ல, பம்பு துடிக்க, மூன்று சுற்று. வலம் வருகிறோம் என்று மூன்றாம் சுற்றில்தான் அவளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு இன்னும் ஒரு சுற்று, அறிந்தே சுற்றினாள். எல்லப்பன் துளசியும் தீர்த்தமும் கொண்டு வந்து, ஓடும் எஞ்சினுக்கு அருகே குனிந்து அவள் கையில் வார்த்தான்.

பதினொன்றரைக்குக் கார் பிள்ளைப்பாக்கத்துக் கொட்டகைக்குள் நுழைந்தது. அவள் சாவியைத் தொடாமல் கைபேசியை எடுத்தாள்.

"சார், சசிரேகா பேசறேன். காலையில ஒருவாட்டி நின்னுச்சு. காரணம் தெரிஞ்சுது, சரி பண்ணேன். திரும்ப வூட்லேருந்தே கெளம்பி, போய்ட்டு வந்துட்டேன். கெளம்புனதுலேருந்து இன்னும் நிக்கல. கேக்குதா? வண்டி யாருதுன்னு இனி நீங்கதான் சொல்லணும்."

கைபேசியை எஞ்சினின் பக்கம் நீட்டினாள். வெகுநேரம் நீட்டியிருந்தாள்.

"கேக்குதும்மா," என்றார் சண்முகசுந்தரம் கடைசியில். "நின்னத நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது. உங்ககிட்டயே இருக்கட்டும். காரணம் என்னன்னு மட்டும் சொல்லுங்களேன்."

சசிரேகா கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"மூச்சு விட வழி இல்லாம இருந்துச்சு சார்," என்றாள்.

மாடி ஜன்னல் திறந்தது. கலைந்த தலையோடு இசக்கிசெல்வி எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, ஓடுதுன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இப்பமாவது அமத்துங்களேன், ஒறங்கணும்."

சசிரேகா சிரித்துக்கொண்டே, இன்னும் ஒரு நிமிடம் கேட்டிருந்துவிட்டு, சாவியைத் திருப்பினாள்.