அரை வைரஸ்

தூக்கம் வரவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பாவின் கல்லீரலில் ஒரு வைரஸ் இருக்கிறது. தினம் ஒரு மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கும், போகாது. அப்பா அதற்கு வாடகைக்காரன் என்று பெயர் வைத்திருந்தார். "வாடகையும் தரமாட்டான், காலியும் பண்ணமாட்டான்."

அக்காவுக்கு வேலையே அதுதான். உடம்பில் வைரஸ் எப்படிப் பதுங்கும், எப்போது கிளம்பும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பாள். ஊசி போடத் தெரியாத டாக்டர் என்று அப்பா கிண்டல் செய்வார். ஒருநாள் அப்பாவின் ரத்தப் பரிசோதனை எண்களையே அதில் போட்டாள். திரையில் சிவப்புக் கோடு இறங்கித் தரையோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கணக்கில் மாத்திரையை நிறுத்திப் பார்த்தும் எழவில்லை. பூஜ்யம் என்று சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்பா இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

போன வாரம்தான் தப்பு தெரிந்தது. அரை வைரஸ் என்று ஒன்று கிடையாதே, அதனால் ஒன்றுக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று ப்ரோகிராமில் ஒரு வரி எழுதியிருக்கிறாள். ஆனால் அந்தக் கணக்கு ஒரு துளி ரத்தத்துக்கு. உடம்பு முழுக்க எத்தனை துளி! அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு ஓட்டினால், மாத்திரை நின்றதும் கோடு சுவர் மாதிரி ஏறுகிறது.

இதையும் மேசையில்தான் சொன்னாள், அசடு வழிந்துகொண்டே. அப்பா வாயில் இருந்ததை மெல்லவே இல்லை.

"நான் நிறுத்தி மூணு மாசம் ஆச்சும்மா."

அப்போதுதான் அவர் கண்களைச் சரியாகப் பார்த்தோம். மஞ்சள்.

மருத்துவமனையில் மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் கல்லீரல் முக்கால்வாசி போய்விட்டதாம். வேறு கல்லீரல் வைத்தாலும் இந்த உடம்பு தாங்காதாம். அம்மா அங்கேயே இருக்கிறாள்.

அக்கா பக்கத்து அறையில் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். சற்று முன் கதவருகே போய் நின்றேன். சிவப்புக் கோடு அழகாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அப்பா பிழைத்துவிடுவாரா என்று கேட்டேன்.

அவள் திரும்பவில்லை. "இதுல அப்பா இல்லடி. வைரஸ் மட்டும்தான் இருக்கு."

போனைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அம்மா கூப்பிடக் கூடாது.