சாம்பிள் கடல்

கடலின் சாம்பிள் ஏப்ரல் மாதக் கடைசி வியாழக்கிழமை திண்டுக்கல் பார்சல் ஆபீசில் வந்து இறங்கியது. வெள்ளைப் பிளாஸ்டிக் கேன், வாயில் துணி வைத்து இறுக்கி, கழுத்தில் சணல் கட்டியிருந்தது. பார்சல் ஆபீஸ்காரர் அதை உருட்டிவிடப் பார்த்தார். உள்ளேயிருந்து அலை திருப்பி அடித்ததால் மரியாதையாகத் தூக்கிக் கொடுத்தார். வெங்காய மண்டி கிதர் முகம்மது கேனைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். வழியில் எவனாவது பாதியைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணியைக் கலந்திருக்கலாம் என்பது அவருடைய முதல் சந்தேகம். நல்ல தண்ணியைக் கலப்படத்துக்கு வீணாக்கும் அளவுக்கு வசதியானவன் எவனும் இந்தப் பக்கம் கிடையாது என்று நினைவுக்கு வந்ததும் அது தீர்ந்தது. இது அடியிலிருந்து எடுத்ததுதானா என்ற இரண்டாவது சந்தேகம் அவரோடு ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டது.

கிதர் முகம்மது மூட்டையின் வாயைப் பார்த்துச் சரக்கு எடுத்ததே இல்லை. வாயில் இருக்கும் வெங்காயம் சிரிக்கும், அடியில் இருப்பது அழுகியிருக்கும் என்பது மண்டியில் பாலபாடம். சாக்கின் ஓரமாகக் கையை முழங்கைவரை விட்டு அடியில் துழாவி, நாலு வெங்காயத்தை எடுத்து நசுக்கி மோந்து பார்த்த பிறகுதான் விலை பேசுவார். இந்தப் பழக்கம் மண்டியோடு நிற்கவில்லை. தன் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்தில் சமையல் கொட்டகைக்குப் போய், பிரியாணி அண்டாவின் அடியிலிருந்து ஒரு கரண்டி எடுக்கச் சொன்னவர் அவர். பெண் வீட்டார் அதை இன்றுவரை மறக்கவில்லை. அவர் மனைவி ஷப்னமும் மறக்கவில்லை, ஆனால் அவள் அதைச் சொல்லிக்காட்டுவதற்கு நல்ல நாளாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தாள்.

இப்படிப்பட்டவர் குடும்பத்தோடு டூர் போவது எங்ஙனம்? ஒரு வருடம் கொடைக்கானலுக்குக் கிளம்பினார்கள். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே மூடுபனி எதிரே வந்தது. எதையோ மறைக்கத்தான் இவ்வளவு புகை போடுகிறார்கள் என்று வண்டியைத் திருப்பி, வத்தலக்குண்டில் பரோட்டா வாங்கிக்கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அடுத்த வருடம் குற்றாலம். தண்ணீர் மேலே எங்கிருந்து வருகிறது என்று காட்டினால்தான் கீழே நிற்பேன் என்றார். யாரும் காட்டவில்லை. பிள்ளைகள் அருவியைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே நேந்திரம் சிப்ஸ் தின்றார்கள்.

இந்த வருடம் தள்ளிப்போட முடியாத வருடமாக இருந்தது. மூத்தவள் ஹுஸ்னா பத்தாவது எழுதி முடித்திருந்தாள். ஜூனில் நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கூடம். சேர்ந்துவிட்டால் ரெண்டு வருடத்துக்கு லீவு என்ற பேச்சே கிடையாது, அதற்குப் பிறகு எந்தக் காலேஜோ, எந்த ஊரோ. சின்னவன் அக்மலுக்குக் கடல் என்றால் பந்து போடும் இடம். ஹுஸ்னாவுக்கு அப்படி இல்லை. ஒருநாள் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே அவள், “அத்தா, இந்த மே மாசம் இல்லன்னா அப்பறம் நாலு பேரும் சேந்து எங்கயுமே போக மாட்டோம், பாத்துக்கங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. கிதர் முகம்மது அன்று தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தை அப்படியே விட்டு எழுந்தார். மறுநாளே ராமநாதபுரம் தாண்டி ஒரு கடற்கரை ரிசார்ட்டின் படங்களைப் போனில் பார்த்தார். எல்லாப் படத்திலும் கடல் நீலமாக இருந்தது. மூட்டையின் வாயில் பொறுக்கி அடுக்கிய வெங்காயம்தான் அவர் ஞாபகத்துக்கு வந்தது.

போன் போட்டார். எடுத்தது பிரிஸ்கில்லா என்ற அம்மாள், அங்கே எல்லாம் அவர்தான். ஏசி உண்டா, சாப்பாடு உண்டா என்றெல்லாம் கிதர் முகம்மது கேட்கவில்லை. கடல் ரிசார்ட்டுக்குச் சொந்தமா பொதுவா என்று கேட்டார். பொது என்றார் அந்த அம்மாள். அடுத்து, குழாயை நம்பி டிரம் வாங்கி வைத்திருக்கும் ஊர்க்காரர் எவரும் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்: தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க வரும்?

“டெய்லி ரெண்டு வாட்டி வரும் சார். ரெண்டு வாட்டி போகும்.”

கிதர் முகம்மது போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். தினம் ரெண்டு தடவை தண்ணி வரும் ஊர் பூமியில் இருப்பதாக அவர் கேள்விப்பட்டதில்லை.

“போகும்னா எங்கம்மா போகும்?”

“உள்ள போகும் சார்.”

“யாரு வீட்டுக்குள்ள?”

மே மாத மூன்றாவது வாரத்துக்கு ரூமை எழுதி வைத்துக்கொள்கிறேன் என்றார் அந்த அம்மாள். கிதர் முகம்மது முதலில் கடலின் சாம்பிள் கேட்டார். மேலாப்பில் மோந்து அனுப்பக்கூடாது, அடியிலிருந்து எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். விருந்தாளிகளின் எல்லா வகைக் கேள்வியையும் கேட்டுப் பழகிய பிரிஸ்கில்லா, அடியில் இருந்து என்றால் ஆள் முங்க வேண்டும், ரெண்டு நாள் ஆகும், பரவாயில்லையா என்று மட்டும் கேட்டார்.

அப்படி வந்ததுதான் அந்தக் கேன். வீட்டுப் பின்கட்டில் பிரியாணி அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து, நிமிர்த்தி, அதில் ஊற்றினார்கள். கிதர் முகம்மது விரலை விட்டு நாக்கில் வைத்தார். உப்பில் குறை சொல்ல முடியவில்லை. நிறம் தண்ணீர் நிறம்தான், நீலம் இல்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் திருப்தி. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டிப் பார்த்தபோது ஒரு சாண் குறைந்திருந்தது. ஷப்னத்தை விசாரித்தார். பாத்திரம் கழுவ உப்புத் தண்ணி திருடும் அளவுக்குத் தன் பிறந்த வீட்டில் தன்னை வளர்க்கவில்லை என்று அவள் சொன்னாள். அடுத்த வீட்டுப் பெருமாயி மாங்காய் ஊறுகாய் போடும் சீசன் என்பது அவர் நினைவுக்கு வந்தது. தட்டை வைத்து மூடி, சங்கிலி சுற்றி, பெரிய மாங்காய்ப் பூட்டு ஒன்றைப் போட்டு, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். சாயங்காலம் திறந்தால் பழைய மட்டத்துக்கு மேலேயே நின்றது. எடுக்கிற திருடனைப் பிடித்துவிடலாம், எடுத்துவிட்டுக் கூடவே சேர்த்து வைக்கிற திருடனை என்ன செய்வது? கிதர் முகம்மது ஸ்டூலைப் போட்டு அண்டாவுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

அண்டா யாருக்கும் காத்திருக்கவில்லை. மே மாதம் பிறந்ததும், தண்ணீர் ஏறும் வேளைகளில் தட்டைத் தள்ளிக்கொண்டு வழிய ஆரம்பித்தது. துவைக்கிற கல்வரை வந்து, சமையல்கட்டுப் படியை நக்கிவிட்டுத் திரும்பிப் போகும். போகும்போது மணலை விட்டுவிட்டுப் போகும், சில நாள் சிப்பி, ஒருநாள் நண்டு. நண்டு கிரைண்டருக்கு அடியில் குடியேறியது. ஷப்னம் தினம் ஒரு முறம் மணலை அள்ளித் தெருவில் கொட்டினாள். எதிர்வீட்டில் பூச்சு வேலை நடந்ததால் அதற்கும் ஆள் இருந்தது. தினம் ரெண்டு தடவை தண்ணி வருகிறது என்பதைப் பெருமாயி தெருவுக்குள் சொன்னதும் குடத்தோடு வரிசை கட்டிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினார்கள். “எங்க வீட்டு போர்லயும் இதே தண்ணிதான் வருது, இதுக்குப் போயி பூட்டு வேறயா” என்று பெருமாயி சடைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு தெருவில் யாரும் அந்தக் கடலைப் பற்றிப் பேசவில்லை.

அக்மல் துவைக்கிற கல்லடியில் மணல்வீடு கட்டினான். ஹுஸ்னா ஒருநாளும் காலை நனைக்கவில்லை. தண்ணீர் வரும்போது படியில் ஏறி நின்றுகொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, “சாம்பிள்ல நான் குளிக்க மாட்டேன்” என்றாள். கிதர் முகம்மது அதைக் கேட்டும் கேளாதவராக இருந்தார். ஏனென்றால் அவர் மனதில் பெரிய சந்தேகம் வந்து உட்கார்ந்திருந்தது. இத்தனை வருட மண்டி அனுபவத்தில் சாம்பிளைவிட லோடு நன்றாக இருந்து அவர் பார்த்ததில்லை. சாம்பிளே இம்புட்டு நன்றாக இருக்கிறது என்றால் லோடு எந்த லட்சணத்தில் இருக்கும்? ரூமை ரத்து செய்துவிடலாம் என்று ஒருநாள் மெல்லப் பேச்செடுத்தார். எடுத்துவைத்திருந்த பிரியாணிக் கரண்டியை ஷப்னம் அன்றுதான் எடுத்தாள். கல்யாணத்தில் ஆரம்பித்துக் குற்றாலம்வரை வந்துவிட்டு முடிவாகச் சொன்னாள்: “நீங்க மொதல்லயே திட்டம் போட்டுத்தான் சாம்பிள் கேட்டிருக்கீங்க. இனி பிள்ளைகள அண்டாவச் சுத்தி ஒக்கார வச்சு சோத்தப் போட்டுட்டு, டூர் போயிட்டு வந்தாச்சும்பீங்க.”

இந்தக் கோணத்தில் தன்னையே யாராவது சந்தேகப்படலாம் என்று அவர் நினைத்ததில்லை. ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். அப்போது ஹுஸ்னா படியில் நின்றபடியே கேட்டாள்.

“சரக்கு வேணாம்னா வேணாம்த்தா. சாம்பிள என்ன செய்வீங்க?”

மண்டியில் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், சாம்பிளை வைத்துக்கொண்டு லோடை மறுப்பவனை மன்னிக்க மாட்டார்கள். கிதர் முகம்மது ஒருமுறை நெய்க்காரப்பட்டி வெள்ளாமைச் சம்சாரி ஒருவரின் லோடை வேண்டாமென்று சொல்லிவிட்டு, சாம்பிளாகக் கொடுத்த மஞ்சப்பை வெங்காயத்தை பஸ் ஏறிப் போய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தவர். மகளுக்கு அது தெரியும். அவர் கேனை எடுத்துவந்து புனல் வைத்துத் திரும்ப ஊற்றிப் பார்த்தார். கேன் நிறைந்தது, அண்டா குறையவில்லை. பார்சல் ஆபீசில் ஒரு கேனாக வந்தது ஒரு கேனாகத்தான் போக முடியும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். கையோடு கொண்டுபோய்க் கொடுப்பதைத் தவிர வழியில்லை. ரூம்தான் இருக்கிறதே, அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்றாள் ஹுஸ்னா, சிரிக்காமல்.

மே மாத மூன்றாவது வாரம் மண்டி வேன் கிளம்பியது. முன்னால் குடும்பம், பின்னால் கயிறு போட்டுக் கட்டிய அண்டா, கேன், கூடவே ஒரு மூட்டை சின்ன வெங்காயம், பழனி பஸ்ஸில் சொல்லி வரவழைத்த ஆயக்குடிக் கொய்யா. ஷப்னம் இதற்கென்றே சின்னாளப்பட்டியில் எடுத்த சுங்கடிச் சேலையில் இருந்தாள். வண்டி எங்கே திரும்பிவிடுமோ என்று ஒவ்வொரு வளைவிலும் கணவன் முகத்தைப் பார்த்தாள். மதுரையில் போலீஸ்காரர் நிறுத்தி, அண்டாவில் என்ன என்று கேட்டார். கடல் என்றார்கள். தட்டைத் தூக்கிப் பார்த்து, வழியாமல் ஓட்டச் சொல்லி அனுப்பினார். பரமக்குடி தாண்டியதும் டிரைவர் ஜெரின் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான். அண்டாவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது. மேயப்போன மாடு தொழுவத்தைப் பார்த்துவிட்ட வேகம்.

ரிசார்ட் வாசலில் பிரிஸ்கில்லா நின்றிருந்தார். வெங்காய மூட்டையை இறக்கியதும் அந்த அம்மாள் செய்த முதல் காரியம், சாக்கின் ஓரத்தில் கையை விட்டு அடிவரை துழாவி ஒன்றை எடுத்து நசுக்கி மோந்து பார்த்தது. கிதர் முகம்மதுக்கு அந்த ரிசார்ட்டின் மேல் லேசாக நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

அண்டாவைக் கரையில் சாய்த்தார்கள். கடல் தன் சாம்பிளை ஒரு மடக்கில் வாங்கிக்கொண்டது. மட்டம் ஏறவில்லை என்பதை அவர் கவனித்து வைத்துக்கொண்டார். பிறகு கைலியை மடித்துக் கட்டி இறங்கினார். கரையோரம் என்பது மூட்டையின் வாய், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. குனிந்து கையை விட்டுத் துழாவினார், மணல். இன்னும் தள்ளிப் போனார், மணல். இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. அடி இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் கீழே என்று இறங்கிக்கொண்டே போயிற்று. ஷப்னம் கரையிலிருந்து கூப்பிட்டது அலையில் கேட்கவில்லை. கழுத்தளவில் நின்று தாடையைத் தூக்கிக்கொண்டிருந்தபோது முழங்கையை யாரோ பிடித்தார்கள். ஹுஸ்னா. அதுவரை காலைக்கூட நனைக்காதவள் சுடிதாரோடு தோள்வரை நனைந்து நின்றாள்.

“போதும்த்தா. இதுக்கு மேல எனக்கும் எட்டாது.”

“அடிய இன்னும் பாக்கலயேம்மா.”

“அம்புட்டையும் பாத்துட்டுத்தான் எடுப்பீங்கன்னா, நான் ஊருக்குப் போயிருவேன்த்தா.”

எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. ஜூன் மாதம் ரெண்டு வாரத்தில் இருந்தது. மகளின் விரல்கள் பிடியை விடவில்லை. கிதர் முகம்மது வாழ்க்கையில் முதல்முறையாக அடியிலிருந்து கையை எடுத்தார்.

“சரி, வா. மேல இருக்கிறதே நல்லாத்தான் இருக்கு.”

தங்கியிருந்த நாள் முழுக்க அவர்கள் முட்டளவு தண்ணீரிலேயே இருந்தார்கள். அக்மல் பந்தைக் கடலுக்குப் போட்டான், கடல் திருப்பிப் போட்டது. ஷப்னத்தின் சுங்கடி சாயம் போகவில்லை. சாயம் போகும் என்று பந்தயம் கட்டியிருந்த கிதர் முகம்மது தோற்றார். கிளம்புகிற அன்று பிரிஸ்கில்லா அந்தப் பழைய கேனைக் கடலில் நிரப்பிக் கொண்டுவந்து வேனில் வைத்தார். இது எதற்கு என்று கேட்டதற்குக் கொசுறு என்றார். மண்டியில் கொசுறைக் கைவிட்டுப் பார்ப்பது வழக்கமில்லை. கிதர் முகம்மது குலுக்கிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

ஜூனில் ஹாஸ்டலில் சேர்க்கப் போனபோது வார்டன் கெஸ்ட் ரூமைக் காட்டினார். கிதர் முகம்மது அதைப் பார்த்தே தலையாட்டிவிட்டார். சமையல்கட்டு அண்டாக்கள் தப்பித்தன. கொசுறில் பாதியை ஹுஸ்னா ஒரு பாட்டிலில் எடுத்துப் போயிருந்தாள். பாட்டிலில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பற்றி வார்டன் ஒருமுறை போன் செய்தார். ஏறும்போது மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைக்கச் சொன்னார் கிதர் முகம்மது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மீதிப் பாதி பின்கட்டு அண்டாவில் இருக்கிறது. ஹாஸ்டல் பாட்டிலில் ஏறும் நேரத்தில்தான் இங்கேயும் ஏறுகிறது. காலையில் மண்டிக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்ப்பார். தண்ணீர் ஏறியிருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு போவார், இறங்கியிருந்தால் செத்த நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்து, ஏறத் தொடங்கிய பிறகு போவார். மண்டியில் இன்றும் முழங்கைவரை கைவிட்டுத்தான் வெங்காயம் எடுக்கிறார். அண்டாவுக்குத் தட்டு உண்டு, பூட்டு கிடையாது.