செவ்வாய்க்கிழமை சாம்பிராணி

பதுர்தீன் படிக்கு வெளியே நின்றே சொன்னான். இத்ரூஸின் கராம்புக் கடையில் வேலை செய்பவன் அவன். இத்தா இருக்கும் வீட்டுக்குள் வரமாட்டான்.

"நாச்சியா மதினி மூணு மணிக்கு நாலந்தாவுல இருந்து வாறாங்களாம். ஹமீமாட உடுப்பெல்லாம் கட்டி வைக்கட்டாம்."

"எதுக்காம்?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

அவனுக்குத் தெரியும். கழற்றாத செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டான்.

கைறுன்னிஸா கதவுக்குப் பின்னால் நின்றாள். கணவன் இத்ரூஸ் மவுத்தாகி எழுபத்தோரு நாள். இத்தாவின் நான்கு மாதமும் பத்து நாளும் முடியும்வரை அவள் வாசலைத் தாண்டக்கூடாது. அந்நிய ஆண் அவள் முன்னால் வரக்கூடாது.

போன வாரம் வந்த மதினி, இத்ரூஸின் அக்கா, அறைக்குள் கால் வைத்ததும் மூக்கை உறிஞ்சினாள். "சிகரட் வாடை அடிக்குதே" என்றாள். அவர்ட வாடைதான் என்று கைறுன்னிஸா சொன்னாள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு முன்பு சுவரெல்லாம் சுண்ணாம்பு அடிக்க வைத்து, தம்பியின் உடுப்பு முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்தவள் மதினிதான். பழைய வாடை எது, புது வாடை எது என்று அவளுக்குத் தெரியாதா.

வீட்டுக்கு யாரோ ஓர் ஆண் வந்துபோகிறான். மதினி அப்படித்தான் நினைத்திருப்பாள். அப்படிப்பட்ட வீட்டில் தம்பியின் ஏழு வயது மகளை விட்டுவைக்கமாட்டாள்.

ஆண் எவனும் வரவில்லை. சிகரட் குடிப்பது கைறுன்னிஸா.

கல்யாணமான மூன்றாம் வருடம் இத்ரூஸ் விளையாட்டுக்கு ஒன்றை நீட்டினார். அவள் விளையாட்டுக்கு வாங்கினாள். பிறகு தினமும் ஒரு சிகரட், ஆளுக்குப் பாதி. அவர் போன பின் அலுமாரியில் இரண்டு டின் மிச்சம் இருந்தது. மகள் ஹமீமா ஓதப்போகும் நேரத்தில் ஒன்று குடிப்பாள். ஒன்றே ஒன்று. இன்றைக்கும் குடித்துவிட்டாள்.

மணி ஒன்றரை.

பின்கதவை அகலத் திறந்து வைத்தாள். தெருப்பக்க ஜன்னலைத் திறக்க வழியில்லை. திறந்தால் எதிர்வீடு பார்க்கும், மதினி காதுக்குப் போகும். திரையை மோந்து பார்த்தாள். நாறியது. துவைத்தால் ஈரம் காட்டிக் கொடுக்கும். எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் துணியை முக்கி அலுமாரி, கட்டில், கதவு எல்லாம் துடைத்தாள். கோப்பிக்கொட்டையை வறுத்துச் சிரட்டையில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். கராம்பும் கறுவாப்பட்டையும் போட்டுக் கொதிக்க வைத்த சட்டியை அறை நடுவில் கொண்டுவந்து வைத்தாள். ஆவி கூரைக்கு ஏறியது. அறை மணத்தது. அந்த மணத்துக்கு அடியில் சிகரட் வாடை அப்படியே கிடந்தது.

வாடை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக மோந்தாள். சிறிது நேரத்தில் மூக்கு மரத்துப்போனது. இருக்கிறதா, போய்விட்டதா, எதுவும் தெரியவில்லை.

மணி இரண்டரை. அடுப்பில் இருந்து தணலை அள்ளினாள். சாம்பிராணியைக் கை நிறைய எடுத்து அதில் போட்டாள்.

கார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தது. மதினியின் கணவன் கலந்தர் தன் ஒஸ்டினை விட்டு இறங்கவில்லை. மதினி மட்டும் உள்ளே வந்தாள். புகைக்கு நடுவே நின்று சுற்றிப் பார்த்தாள்.

"இன்னைக்கு என்னா கிழமை?"

"செவ்வாய், மதினி."

"வெள்ளி இரவுக்குப் புடிக்கிற சாம்பிராணி செவ்வாய்க்கிழமை பகல்ல எதுக்கு? இத்தாவுல இருக்கிறவளுக்கு மணம் ஆகாதுன்னு நான்தான் வந்து சொல்லணுமா?"

கைறுன்னிஸாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாரு அவன்?"

"யாரும் இல்ல."

"பேரைச் சொன்னா புள்ளைய மட்டும் கூட்டிக்கிட்டுச் சத்தமில்லாமப் போயிருவேன். சொல்லாட்டி கார்ல இருக்கிறவர் பள்ளிவாசல்ல போய்ப் பேசுவார். பொறகு நீயாச்சு, ஊராச்சு."

"அல்லாஹ்வுக்குத் தெரியும், மதினி."

"அல்லாஹ்வுக்குத் தெரியும். எனக்குத் தெரியணும்."

கைறுன்னிஸா அலுமாரியைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியில் இருந்து டின்னை எடுத்தாள். ஒன்றை உதட்டில் வைத்து நெருப்புக்குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பற்றியது. ஆழமாக இழுத்தாள். இருமவில்லை. புகை மூக்கு வழியாக மெதுவாக வந்தது.

மதினி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை வருஷமா?"

"ஆறு."

"யாரு பழக்கினது?"

"உங்க தம்பி."

"பொய் சொல்லாத."

மறுபடி இழுத்தாள். மதினி அவள் கையையே பார்த்தாள். சுண்டுவிரல் தனியே தூக்கி நின்றது. இத்ரூஸ் சிகரட்டையும் தேத்தண்ணிக் கோப்பையையும் அப்படித்தான் பிடிப்பார். வாப்பாவிடம் அதற்காக அடி வாங்கியிருக்கிறார்.

மதினி முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆம்பளைன்னா கதையை முடிச்சிருப்பேன். இதை நான் யாருக்கிட்ட போய்ச் சொல்ல?"

வெளியே ஹோர்ன் அடித்தது.

"புள்ளை பார்த்திருக்காளா?"

"இல்ல. அவ ஓதப் போற நேரம் மட்டுந்தான்."

"பார்த்தான்னு தெரிஞ்சா அன்னைக்கே வருவேன். கேட்க மாட்டேன், கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

மதினி எழுந்து டின்னைப் பிடுங்கிக் கராம்புச் சட்டியில் கவிழ்த்தாள். கைறுன்னிஸா கையில் இருந்ததையும் வாங்கிப் போட்டாள். சுடுதண்ணீர் சீறியது. பிறகு குனிந்து படுக்கையை மோந்தாள், திரையை மோந்தாள், தலையணையை மோந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையணையைக் கக்கத்தில் இடுக்கியபடி வெளியே போனாள்.

கைறுன்னிஸா கதவிடுக்கில் காது வைத்தாள்.

"என்னா, யாராம்?" கலந்தரின் குரல்.

"யாரும் இல்ல. நான்தான் மடச்சி. நாற்பதுல எல்லாத்தையும் குடுத்தேன், தம்பிட தலையணையை எடுக்க மறந்துட்டேன். அதுட வாடைதான் வீடு பூரா."

"தலையணையா? இங்க கொண்டா பார்ப்போம்."

கைறுன்னிஸா கதவோடு ஒட்டிக்கொண்டாள். எழுபத்தோரு நாளாக அதில் தலை வைத்துப் படுத்தவள் அவள்.

கலந்தர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒரு தரம். மறுபடி ஒரு தரம்.

"சரிதான்" என்றார். "இத்ரூஸேதான். பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கு. அப்ப புள்ளை?"

"உம்மாவோடயே இருக்கட்டும்."

"பாவம். அந்தப் புள்ளை கைறுன்னைப் போய்த் தப்பா நினைச்சிட்டோம்."

"ஆமா, ஆமா" என்றாள் மதினி. "கண்ணாடிய இறக்கிட்டுக் காரை எடுங்க."