வலது பக்கம், அடிவயிறு

தொலைக்காட்சித் தொடரில் அவரைக் கோமாவில் படுக்கவைத்து எட்டு மாதம் ஆகிறது. கண் திறக்கும் காட்சி வந்தால் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கதாநாயகி அதற்குள் இரண்டு கல்யாணம் முடித்துவிட்டாள். படுத்தவரைத்தான் யாருக்கும் ஞாபகமில்லை. நண்பர்கள் அவருக்குக் ‘கோமா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நிஜத்தில் இந்தக் கோமாவுக்கு அரை நிமிடம் ஓரிடத்தில் உட்கார வராது. செல்பேசியை எடுப்பார், பார்ப்பார், வைப்பார், வைத்த கையோடு மறுபடி எடுப்பார்.

விடாமல் கூப்பிட்டது ஒரு மருத்துவக் கல்லூரி மட்டும்தான். தேர்வில் மாணவர்கள் பரிசோதித்துப் பார்க்க, நோயாளியாக நடிக்க ஆள் வேண்டுமாம். வீட்டில் அதைப் ‘பெரிய மெடிக்கல் படம்’ என்று சொல்லிவைத்திருந்தார். மச்சான் வேறு ரிலீஸ் எப்போது என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். இந்த இடமும் போனால் மனைவியிடம் உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

அன்றைய நோய் அப்பெண்டிக்ஸ். கேட்டதற்கு மட்டும் பதில். கையில் கொடுத்த தாளில் எழுதியிருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் மறுமுறை அழைப்பு கிடையாது. “வலிய நான் எழுதிட்டேன், நீங்க படுத்தா போதும்,” என்றார் பேராசிரியர், வலியையே அவர்தான் கண்டுபிடித்த மாதிரி.

காலையிலிருந்து வந்த மாணவர்கள் பழக்கடையில் பழம் அமுக்குவதுபோல் வயிற்றை அமுக்கினார்கள். கோமா முனகினார். அவர் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. நடிகனுக்கு அதைவிட வேறு வலி என்ன வேண்டும்?

மதியம் ஒரு மாணவி வந்தாள். வயிற்றில் கை வைக்குமுன் அவர் விரல்களைப் பார்த்தாள். கட்டில் விளிம்பில் அவை தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

“ராத்திரி தூங்குறீங்களா, சார்?”

தாளில் தூக்கம் இல்லை. ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்று முடித்திருக்க வேண்டும். ஆனால் எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒருத்தி முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். கோமா கண் திறந்துவிட்டது. தூக்கமே வருவதில்லை, அடிக்காத போன் காதில் அடிக்கிறது, ஷூட்டிங் என்று கிளம்பிப் பஸ் நிலையத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கிறேன் என்று கொட்டித் தீர்த்தார். கிளிசரின் இல்லாமலே கண் நிறைந்தது. மணி அடித்தபோது அவள் கை வயிற்றுப் பக்கமே போயிருக்கவில்லை.

மூலையிலிருந்து பேராசிரியர் எழுந்து வந்தார். கல்லூரி நாளில் ஒரு நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர். அதனால் கலைஞர்களை மன்னிக்கும் பெருந்தன்மை உண்டு.

“சொந்தச் சரக்க விட்டுட்டீங்க. போகட்டும், அடுத்த தடவ அப்படிச் செய்யாதீங்க. ஆனா அழுகை ஒட்டல. உங்களுக்குச் சோகம் வராதுபோல. இந்தப் பொண்ணு அத நம்புனதுதான் தப்பு. ஃபெயில்.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தங்கியிருக்கும். நடிகனைப் பட்டினிகூடப் போடலாம். நடிப்பு ஒட்டவில்லை என்று சொல்லக் கூடாது.

“அது நடிப்பே இல்ல, சார். நிஜம்.”

பேராசிரியர் தொற்றிக்கொள்ளும் என்பதுபோல் ஓரடி பின்வாங்கினார். “நிஜமாவே உடம்பு சரியில்லாதவங்கள இங்க நோயாளியா வச்சுக்க முடியாதே.”

மாணவிக்கு வேறொரு நோயாளியோடு மறுவாய்ப்பு கிடைத்தது. கோமாவுக்கு வாசல் காட்டப்பட்டது. அவர் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், நடந்தார், மறுபடி உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் புதிய நோயாளி முனகுவது கேட்டது. சுமாரான முனகல்.

மாணவி வெளியே வந்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார்.

“இன்னும் போகலையா?”

“ஷூட்டிங் முடிய நேரமாகும்,” என்றார் பழக்கதோஷத்தில்.

அவள் சிரிக்கவில்லை. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். “வீட்டுக்குப் பேசிருங்க, சார். அதுவரைக்கும் நான் இருக்கேன்.”

மனைவி எடுத்ததும், ஷாட்டுக்கு நடுவில் எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று அதட்டினாள்.

“ஷாட்டும் இல்ல, படமும் இல்ல,” என்றார்.

அந்தப் பக்கம் குக்கர் மட்டும் விசிலடித்தது.

“இருங்க,” என்றாள் கடைசியில். “அடுப்ப அணைச்சிட்டு வரேன்.”

இருந்தார்.