பத்தரை மணித் தபால்

சுருட்டையின் வீட்டுக் கூடத்துக்குக் கடல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. தபால்காரர் கதவிடுக்கில் கடல் படம் போட்ட ஓர் அஞ்சலட்டையைச் செருகிவிட்டுப் பக்கத்து வீட்டைத் தாண்டுவதற்குள் சமையலறை வாசற்படிவரை அலை அடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த வீட்டில் மணல் இருந்தது. அதற்கும் முன்னால் ஏழு வாரம் பனி. தெருவின் மற்ற வீடுகளில் ஒரு சொட்டு ஈரமில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்க வருபவர் வாசலில் செருப்பைக் கழற்றி, பேண்டை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு உள்ளே போய் எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பினார். அலையைப் பற்றி எழுத அவருடைய குறிப்பேட்டில் கட்டம் எதுவும் இல்லை.

அட்டைகளை அனுப்பியவள் நெட்டை. பதினோரு ஆண்டுகளில் முப்பத்தொரு அட்டை. எதிலும் முகவரியைத் தவிர ஓர் எழுத்துக்கூட இல்லை.

நெட்டையும் சுருட்டையும் ஒல்லியும் ஒரே பொத்தான் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் மேசையில் இருந்தவர்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியாலேயே இரண்டு துளையா நான்கு துளையா, விளிம்பு உடைந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். மேசைத்தலைமை நெட்டையுடையது. சன்னலோரத்தில் கைவைத்த நாற்காலி அவளுக்கு. உலகத்தைச் சுற்றிவருவது என்று அவளும் சுருட்டையும் ஆறு வருடம் மதிய இடைவேளைதோறும் பேசினார்கள். நாள் குறித்ததும் வேலையை விட வேண்டியிருந்தது. அந்தத் தொழிற்சாலையில் ஒரு நடைமுறை உண்டு. விலகல் கடிதத்தில் சக தொழிலாளி ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டவர்தான் விலகுபவரின் வேலையையும் நாற்காலியையும் பொறுப்பேற்க வேண்டும். "நீ முதல்ல குடுடி, உனக்கு நான் போடறேன். எனக்கு ஒல்லி போடுவா" என்றாள் சுருட்டை. நெட்டை கொடுத்தாள். சுருட்டை தன் கடிதத்தை எழுதவே இல்லை. "அடுத்த வண்டியில வந்துடறேன், சந்திப்பு நிலையத்துல இரு" என்று சொல்லியனுப்பிவிட்டு, மறுநாள் காலை சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சந்திப்பு நிலையத்தில் ஒரே பெஞ்சில் நெட்டை நாற்பது நாள் காத்திருந்தாள். வண்டிகளை எண்ணவில்லை, இறங்கும் தலைகளைத்தான் பார்த்தாள், சுருள் முடி எதுவும் அவளுடையதாக இல்லை. நாற்பத்தோராம் நாள் கடையில் அந்த நிலையத்தின் படம் போட்ட ஓர் அட்டை வாங்கி, திட்டி எழுத உட்கார்ந்தாள். நினைவுக்கு வந்த வசவு எதுவும் போதுமானதாகத் தெரியவில்லை. பேனா காய்ந்ததுதான் மிச்சம். முகவரியை மட்டும் எழுதி அப்படியே தபால்பெட்டியில் போட்டாள். மூன்றாம் நாள் சுருட்டையின் வீட்டுக்குள் ரயில் நிலையம் வந்தது: கரிப்புகை, அறிவிப்புகள், ராத்திரியெல்லாம் கூவல். ஒல்லி இதைக் கடிதத்தில் எழுதியிருந்தாள். "அவளுக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. மேசையில பொத்தானைப் பிடிச்சுக்கிட்டே தூங்கி விழறா." நெட்டை அதைப் பன்னிரண்டு முறை படித்தாள்.

அதற்குப் பிறகு அவளுடைய பயணத்துக்கு வழிகாட்டியது அந்தக் கடிதம்தான். அழகான ஊர்களில் அவள் ஒரு நாளுக்கு மேல் தங்கவில்லை. எங்கே கொசு அதிகம், எங்கே காற்றில் மணல் அடிக்கும், எங்கே சாம்பல் விழும் என்று விசாரித்துப் போனாள். புதிய அட்டை போனால் அந்த வீட்டில் பழையது இடத்தைக் காலி செய்துவிடும் என்பதால், முந்தையதைவிட மோசமான இடமாகத் தேட வேண்டியிருந்தது. சதுப்புநிலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பனியில் ஒரு கால்விரல் போனது. போகட்டும் என்று விட்டாள். மூன்று வருடம் வந்துகொண்டிருந்த ஒல்லியின் கடிதங்கள் பிறகு அவளை எட்டிப்பிடிக்க முடியாமல் எங்கெங்கோ தேங்கிப்போயின. அதனால் என்ன. நடப்பது என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

ஒரு கப்பலுக்கும் இன்னொரு கப்பலுக்கும் நடுவே, பொத்தான் தொழிற்சாலை இருந்த அந்தப் பழைய ஊரில் அவளுக்கு ஒரு பகல் கிடைத்தது. மாலை ஆறு மணிக்குக் கப்பல். செருப்பு வார் தைக்க வேண்டும், துணி வெளுக்க வேண்டும், அடுத்த நாட்டு அனுமதிக்குப் புகைப்படம் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில், சுருட்டை எப்படிச் சீரழிந்து கிடக்கிறாள் என்று கண்ணால் பார்க்க வேண்டும். காகிதத்தில் அதை எழுதிக்கொள்ளவில்லை. மற்ற மூன்றையும் எழுதியிருந்தாள்.

செருப்புத் தைப்பவர் வலது செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல தோல் எங்கம்மா இருக்கு? வெறும் தையல்தான் இருக்கு. தையலுக்கு மேல தையல் போடச் சொல்றீங்க." அவள் செருப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளாததால் போட்டுக்கொடுத்தார். படக்கடைக்காரர், "கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்கம்மா" என்றார். "சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். அவர் விளக்கைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டு, நாலு மணிக்கு வரச் சொன்னார்.

சலவைக்கடையை இப்போது நடத்துவது ஒல்லி. பழைய பெயர் மட்டும்தான் ஒல்லியாக இருந்தது. ஆள் கதவை அடைத்து நின்றாள். மூட்டையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு நெட்டையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"என்னடி இது, கம்புல துணி காயப்போட்ட மாதிரி வந்து நிக்கறே?"

"நீ எனக்குச் சேர்த்துச் சாப்பிட்டிருக்கே போல."

சிரித்தார்கள். இயந்திரத்தில் துணி சுற்றிக்கொண்டிருக்க, இருவரும் தேநீர் குடித்தார்கள். கடைசியில் நெட்டை கேட்டாள்: "அவ உசுரோட இருக்காளா?"

ஒல்லி கோப்பைக்குள்ளேயே பார்த்தாள். "போய்ப் பாரு. நான் சொன்னா நம்பமாட்டே."

சுருட்டையின் கதவு தாழிடப்படவில்லை. தள்ளியதும் உள்ளே மூடுபனி. நான்கு மாதத்துக்கு முன் ஒரு மலைக்கணவாயிலிருந்து அனுப்பிய அட்டை. அந்த மூடுபனியில் ஆறு நாள் இருமி இருமி நெட்டையின் விலா எலும்பு பிசகியிருந்தது. எங்கோ ஆட்டுமணிச் சத்தம். கையை நீட்டி நடந்தபோது ஒரு நாற்காலி தட்டுப்பட்டது.

"யாரு, மீட்டரா? சுவரைப் பிடிச்சுக்கிட்டே வாங்க, இடதுபக்கம் ஆடு நிக்குது."

"மீட்டர் இல்ல."

மூடுபனிக்குள் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. பிறகு சுருட்டை ஓடிவந்தாள். வெயிலில் கறுத்து, உப்பில் முடி செம்பட்டையாகி, கன்னங்கள் மின்ன, பத்து வயது குறைந்தவளாக இருந்தாள். அழவோ மன்னிப்புக் கேட்கவோ இல்லை. நெட்டையின் கையைப் பிடித்து இழுத்துப்போய் அலமாரியைக் காட்டினாள். முப்பத்தொரு அட்டையும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அது போகும்போது விட்டுச்சென்ற ஏதாவது ஒன்று: கிளிஞ்சல், சாம்பல் கட்டி, கொக்கின் இறகு.

"நாற்காலி மேல ஆசைப்பட்டேன், பொய் சொல்லமாட்டேன். ஆனா பனி வந்து கதவு ஏழு வாரம் திறக்கல, வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. நல்லதாப் போச்சு. அந்த நாற்காலியில உக்காந்து என்னத்தைக் கண்டேன்? கடல்ல படுத்துக்கிட்டே மிதக்கக் கத்துக்கிட்டேன்டி, இதே கூடத்துல. மணல்ல நட்சத்திரம் பார்த்தேன், கூரை இருக்கிறதே தெரியாது. நீ என்னை விட்டுட்டுப் போகலடி. கூட்டிக்கிட்டுத்தான் போனே."

நெட்டை தன் கால்விரல் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்றது, கடவுச்சீட்டைத் தொலைத்தது, மூட்டைப்பூச்சிப் படுக்கைகள், காய்ச்சல் எல்லாம் அவளோடு தங்கியிருந்தன. மற்றது முழுவதும் பத்தரை மணித் தபாலில் இங்கே வந்து சேர்ந்திருந்தது.

"அடுத்தது எங்க?" என்றாள் சுருட்டை. "இனிமே குளிர் வேண்டாம்டி, முட்டி பிடிச்சுக்குது. தீவு மாதிரி ஏதாவது பாரேன். பழ மரத்தோட."

"பார்க்கறேன்" என்றாள் நெட்டை.

நாலு மணிக்குப் புகைப்படத்தை வாங்கினாள். துணி மூட்டையை வாங்கும்போது ஒல்லி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே இன்னொரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். சுருட்டையின் தெருமுனையில் இருந்த தபால் நிலையத்தில் நெட்டை ஓர் அட்டை கேட்டாள். அங்கே ஒரே வகைதான் இருந்தது: அந்தத் தெருவின் படம். தொழிற்சாலைப் புகைபோக்கி, மின்கம்பம், பூட்டிய பழைய கடை, வரிசை வீடுகள், அவற்றில் ஒன்று சுருட்டையுடையது. முகவரி எழுதினாள். மற்ற பாதியை வழக்கம்போல் வெறுமையாக விட்டு, பெட்டியில் போட்டாள். அட்டை அடியில் விழும் சத்தத்தைக் கேட்ட பிறகே நகர்ந்தாள். ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பியது. அது பழ மரங்களுள்ள ஒரு தீவுக்குப் போகும் கப்பல். அங்கே அவள் எட்டு மாதம் தங்கினாள். அஞ்சலட்டை விற்கும் கடையைத் தினமும் தாண்டிப்போய் வந்தாள்.

மறுநாள் பத்தரை மணிக்குத் தபால் வந்தது. தபால்காரர் பக்கத்து வீட்டைத் தாண்டுவதற்குள் மூடுபனி கலைந்தது, ஆடுகள் போய்விட்டன. கூடத்தில் கூடத்துச் சுவர்கள் வந்து நின்றன. எட்டு மணி, பன்னிரண்டு மணி, ஐந்து மணி என்று தொழிற்சாலைச் சங்கு கேட்டது. சன்னல் விளிம்பில் பொத்தான் தூள் படிந்தது. வெளியே எவ்வளவு வெயிலோ அவ்வளவுதான் உள்ளேயும். சுருட்டை அட்டையைக் கழுவிப் பார்த்தாள், வெயிலில் வைத்துப் பார்த்தாள். பிறகு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தபால்காரருக்காக நாற்பது நாள் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தோராம் நாள் நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

தெருவில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. மீட்டர் பார்க்கிறவர் மட்டும் இன்றைக்கும் அந்த வாசலில் செருப்பைக் கழற்றி, பேண்டை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, காய்ந்த தரையில் மெல்ல அடியெடுத்து வைத்துப் போகிறார். சுருட்டை ஒதுங்கி வழிவிடுகிறாள்.